நிறுவைக்கு மேல் ஒரு கை சூடை

அண்ணை,

ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை, நோர்பரியில் ஒரு சுப்பர்மார்க்கெட்டின் குளிர்பெட்டிக்கு முன்னால் பதினொரு நிமிடங்கள் நின்று, விடயத்தை எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஆராய்ந்து, கையிலிருந்த மீன்பொதியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பது என்று தீர்மானித்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அங்கே நின்றது நான் ஒருவன்தான். அது உடனடியாக நடைமுறைக்கும் வந்தது. அன்று எங்கள் வீட்டில் முட்டைக் குழம்பு.

பொதியின் மூலையில் பச்சை வட்டமும் அதற்குள் ஒரு தோணியும் இருந்தன. அந்தத் தோணியை உங்களுக்குத் தெரியும். கீழே "பொறுப்போடு பிடிக்கப்பட்டது" என்று அச்சிட்டிருந்தார்கள். யார் பொறுப்பு என்று எழுதவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பீர்கள். நீங்கள் போய் மூன்று மாதங்களாகின்றன. கேட்கிற வேலை இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னர் அந்தத் தோணி முத்திரையை உங்கள் கடைக்குக் கொண்டுவந்தவனும் நான்தான். அப்போது ஆர்ச்வேயில், பந்தயக் கடையொன்றின் மேல்மாடியில் இயங்கிய ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை. ஆப்பிரிக்கக் கரைகளில் கடலை அழிக்காமல் மீன் பிடிக்கும் சிறு மீனவருக்கு ஒரு முத்திரை கொடுப்போம். முத்திரையைக் கண்ட லண்டன்காரர் நல்ல விலை கொடுப்பார்கள். அந்த விலை மீனவரின் அடுப்படிவரை போய்ச் சேரும். இது எங்கள் நம்பிக்கை. அதைத் துண்டுப்பிரசுரமாக எழுதுவது என் உத்தியோகம். கடலைக் காப்பாற்றும் அந்த அலுவலகத்தின் ஜன்னலிலிருந்து தெரிந்த ஒரே நீர்நிலை, பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் மழைக்குத் தேங்கும் ஒரு பள்ளம்.

டூட்டிங்கில் உங்கள் மீன்கடைக்குள் நான் நுழைந்தபோது ஒரு பாரை மீனை வெட்டிக்கொண்டிருந்தீர்கள். கையைத் துடைத்துவிட்டுப் பிரசுரத்தை வாங்கினீர்கள். அட்டையில் ஒரு செனகல் மீனவர், வாய் நிறையச் சிரிப்போடு.

"ஐசே, உந்தாள் ஏன் சிரிக்கிறான்?"

"சந்தோசமா இருக்கிறார், அண்ணை."

"கடலால வந்தவன் சிரிக்கமாட்டான். அவனுக்கு நித்திரைதான் வரும். உது கடலுக்குப் போகாத நாளில எடுத்த படம்."

அது கடலுக்குப் போகாத நாளில் எடுத்த படம்தான். எடுத்தவர் எங்கள் இயக்குநர்.

முப்பது வயதுவரை யாழ்ப்பாணக் கரையில் தொழில் செய்தவர் நீங்கள். பிறகு எட்டு வருடம் பாரிசில் கோப்பை கழுவினீர்கள். அதன் பிறகுதான் லண்டனும் மீன்கடையும். எந்தக் கடதாசியையும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இந்த மூன்று இடங்களில் எங்கே வந்ததென்று நான் கேட்டதில்லை. என் பிரசுரத்தையும் திருப்பினீர்கள். பின்பக்கத்தில் எங்கள் நிறுவனத்தின் முகவரி மட்டும் இருந்தது.

"எங்கட கரையிலயும் கடலுக்குப் போக நேவிக்காரங்கள் பாஸ் தந்தவங்கள். பாஸ் இருந்தா இவ்வளவு தூரம் போகலாம், இவ்வளவு நேரம் நிக்கலாம். இல்லாட்டிச் சூடுதான். உது ஆற்ற பாஸ்?"

"இது மீனுக்கு, அண்ணை. மனுசருக்கில்லை."

"மீன் வந்து பாஸ் காட்டுமே? கடைசியில மனுசன்தான் காட்டவேணும்."

அதை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பிரசுரத்தின் இரண்டாம் பதிப்பில் அது வெளியாகவில்லை.

உங்களைச் சம்மதிக்க வைத்தது என் எழுத்தில்லை, மாமடூவின் குரல். அட்டைப் படத்திலிருந்தவரின் செனகல் ஊரில் மீனவர் சங்கச் செயலாளர் அவர். பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள் கேட்ட அளவுக்கு அவர்களுடைய தோணிகளால் மீன் கொடுக்க முடியாது. கிழமைக்குச் சில பெட்டி எடுத்தால் போதும் என்று சொல்ல லண்டனில் ஒரு சின்னக் கடை வேண்டியிருந்தது. பாரிஸ் சமையலறைகளில் பொறுக்கிய பிரெஞ்சில் நீங்கள் அவரோடு முக்கால் மணித்தியாலம் கதைத்தீர்கள். தூண்டிலின் அளவு, நூலின் தடிப்பு, எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்பதெல்லாம் பேசி முடித்து போனை வைத்தபோது உங்கள் முகம் மாறியிருந்தது.

வெளிநாட்டுக் கப்பல்கள் அந்த ஊர்த் தோணிகளை ஆட்களோடு சேர்த்துத் தூக்கித் தளத்தில் வைத்துக்கொண்டு போகுமாம். தூரத்துக் கடலில் விடியற்காலையில் இறக்கிவிடும். பொழுதுபட மீனோடு திரும்ப ஏற்றும். வாரக்கணக்கில் இதுதான் சீவியம். ஒருநாள் பொழுதுபட்டபோது ஒரு தோணியைக் கப்பல் தேடவில்லை. அதில் இருந்தது மாமடூவின் தம்பி. முத்திரை கிடைத்தால், சொந்தக் கரைக்கு முன்னால் பிடிக்கிற மீனிலேயே பிழைக்கலாம், ஒருவரும் கப்பலேறத் தேவையில்லை என்று மாமடூ சொல்லியிருக்கிறார்.

"எங்க கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டீர்கள். அந்த ஒருநாள் மட்டும் கடதாசியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இப்படியாக, வாழ்நாளில் எந்த இயந்திரத்திலும் ஏறியிராத மீன்கள், சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவதற்காக விமானம் ஏறி லண்டனுக்கு வந்தன. ஒவ்வொரு மீனின் செவுளிலும் பச்சைப் பிளாஸ்டிக் துண்டொன்று கோத்திருக்கும். அதற்குத் தனித் தட்டு, தனி ஐஸ், தனிக் கத்தி, தனிப் பை. முத்திரை மீனோடு முத்திரையில்லாத மீன் எந்த இடத்திலும் சேரக்கூடாது. சேர்ந்தால் உங்கள் அனுமதி போகும். மாமடூவின் ஊர் மீனை வாங்குவதற்கு அனுமதியுள்ள கடை வேறில்லை என்பதால் அந்த ஊரின் முத்திரையும் கூடவே போகும். இதை உங்களுக்கு விளங்கப்படுத்தியது நான். நீங்கள் இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டீர்கள்.

எங்கள் சனங்களுக்குப் பச்சைத் துண்டு பிடிக்கவில்லை. செவுளைக் கிளப்பி நிறம் பார்த்து வாங்குகிறவர்கள் அவர்கள். பார்க்கிற இடத்தில் ஒன்றைக் கொண்டுபோய்ச் செருகினால் என்ன நினைப்பார்கள்? மூன்று தெரு தள்ளியிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வரும் ராணியக்கா நேரடியாகவே கேட்டார்.

"செவுளுக்குள்ள என்னத்தை மறைச்சு வைச்சிருக்கிறியள்?"

"மறைக்கேல்லை அக்கா, காட்டுறம். நல்ல மீன் எண்டதுக்கு அடையாளம்."

"அப்ப இவ்வளவு காலமும் தந்தது?"

 ஆனாலும் உங்கள் முகத்துக்காக வாங்கினார்கள், ருசிக்காகத் திரும்ப வந்தார்கள். அந்த வருடம் முழுவதும் சங்கத்தின் தோணி ஒன்றுகூடக் கப்பலேறவில்லை என்று மாமடூ சொன்னார். எதையும் லேசில் நம்பாத நான் அதை நம்பினேன்.

முத்திரைப் பரிசோதகர் முதல் தடவை வந்தது 2008 இலையுதிர் காலத்தில். நனைந்த குடையோடு, வாடிக்கையாளர் போல வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. பச்சைத் துண்டுள்ள விளைமீன் ஒன்று கேட்டார். தனிக் கத்தியால் வெட்டித் தனிப் பையில் போட்டீர்கள். எல்லாம் விதிப்படி. எங்கேயோ இருக்கும் ஒரு மீனவனை நினைத்து இவ்வளவு தூரம் வந்த மனிசி என்ற சந்தோசத்தில், எங்கள் சனங்களுக்கு நிறுத்து முடிந்த பிறகு ஒரு கை சூடை, அந்தப் பொடிமீனை, காசில்லாமல் மேலே போடுவதுபோல, அவருக்கு இரண்டு கை போட்டீர்கள். அதே பைக்குள்.

"அடையாளமற்ற சிறுமீன், முத்திரை மீனுடன் கலக்கப்பட்டது. அளவு: இரண்டு கை" என்றது அறிக்கை.

"ஐசே, காசு வாங்கேல்லையே. சும்மா குடுத்தது எப்பிடிக் கலப்படமாகும்?"

கடலிலிருந்து சட்டிவரை மீன் போகும் பாதையைக் காட்டும் படிவத்தில் 'சும்மா' என்பதற்குக் கட்டம் இல்லை என்று சொன்னேன். ஒரு சந்தர்ப்பம் தந்தார்கள். இனிப் போடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தீர்கள்.

சூடையைத் தனிப் பையில் கட்டிக் கொடுக்கலாமே என்று சொன்னது நான். படித்தவனுடைய யோசனை. அதை நீங்கள் முதலில் ராணியக்காவிடம்தான் பரீட்சித்தீர்கள்.

"தனிப் பையில கட்டித் தாறதுக்கு நான் என்ன, கேட்டு வந்தனானே? மேல விழுந்தா அது என்ர மீன். கட்டித் தந்தா அது பிச்சை. கொண்டு போங்கோ."

"சட்டமாம் அக்கா. ஆப்பிரிக்காவில ஒருத்தற்ற தொழில் இதில தொங்குது."

"என்ர சட்டிக்குள்ள நாலு சூடை விழுந்தா அவற்ற தொழில் போகுமே? பேய்க்காட்டாதேங்கோ. கை சுருங்கிப்போச்சு எண்டு சொல்லுங்கோ, கேக்கிறன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. கை சுருங்கியவன் என்ற பெயரை இரண்டு மாதம் சுமந்தீர்கள். உங்கள் கை தராசடிவரை போய், நினைவு வந்து, ஏப்ரனில் துடைத்துக்கொண்டு திரும்புவதை நான் பல தடவை பார்த்தேன்.

பரிசோதகர் இரண்டாம் தடவை வந்தது ஒரு சனிக்கிழமை காலை. கடை வாசல்வரை வரிசை. விளைமீனை வெட்டிப் பையில் போட்டு ராணியக்காவிடம் நீட்டினீர்கள். அவர் ஒரு கையால் பையை வாங்கி, மறு கையைத் தட்டுக்கு மேலால் எட்டிப் போட்டு, சூடையில் ஒரு பிடி அள்ளிப் பைக்குள் போட்டார்.

"நீங்கள் போடேல்லை, நான்தான் போட்டனான். சட்டத்திட்ட என்னைப் பிடிச்சுக் குடுங்கோ!"

கடை முழுவதும் சிரிப்பு. இந்தத் தடவை நீங்களும் சிரித்தீர்கள். வரிசையில் நான்காவதாக நின்ற பெண்மணி சிரிக்கவில்லை. "மீறல் நடந்தபோது கடைக்காரர் சிரித்தது அவதானிக்கப்பட்டது" என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. கடலைக் காக்கும் துறையில் நான் வாசித்த வாக்கியங்களுள் உண்மை என்று நான் சத்தியம் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

அனுமதி போனது. அடுத்த நாள் கடையிலிருந்து மாமடூவுக்கு போன் எடுத்தீர்கள். உங்கள் பிரெஞ்சில் விக்கி விக்கிச் சொல்லி முடித்தபின் நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றீர்கள்.

"என்னவாம், அண்ணை?"

"அங்கயும் பொம்பிளையள் மேல ஒண்டு போடுறவையாம். போடாட்டி அடுத்த நாள் ஒருத்தரும் வாங்கமாட்டினமாம்." பிறகு தராசைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள். "ஐசே, சனிக்கிழமை வரச்சொல்லி அந்த மனிசிக்கு ஆர் சொன்னது?"

"அவ தன்பாட்டில வந்திருப்பா."

 நான் கேட்காமலே ஒரு பாரையை வெட்டி, நிறுத்து, எனக்கென்று பையில் போட்டு, மேலே இரண்டு கை சூடை போட்டீர்கள். வழக்கமாக எனக்கு ஒரு கைதான். இரண்டு கை வாங்கிய இன்னொருவரை நான் அறிக்கையில் வாசித்திருந்தேன்.

அந்தப் பையோடு பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது தொடங்கிய ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்ததா? பிறகு உங்களிடம் கேட்கக் காலம் விடவில்லை. இந்த வருட வசந்தத்தில் மத்தியானங்களில் கடையைப் பூட்டிவிட்டு, ஊரில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் போய் நின்றீர்கள். நானும் வந்து நின்றேன். அங்கே நின்றவனிடம் சூடையைப் பற்றி யார் பேசுவது? யூலையில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது.

ஆகவே இங்கே எழுதுகிறேன். பரிசோதகர் என் அலுவலகத்துக்குத்தான் போன் எடுத்தார். கடை வழமைபோல இயங்கும் நாள் எது என்று கேட்டார். சனிக்கிழமை காலை என்றேன். செவ்வாய் என்று சொல்லியிருக்கலாம். செவ்வாயில் உங்கள் கடையில் நீங்களும் ரேடியோவும்தான். வரிசை நிற்கும் நாளில் பார்த்தால் உங்கள் கடையின் அருமை அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்கிறவனையும் நான் முழுதாக நம்புவதில்லை. விடயத்தை உங்களிடம் முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது விதி. விதியைக் கடைப்பிடித்தேன். கேட்டபோது பொய் சொன்னேன். அதற்கு விதி எதுவும் இருக்கவில்லை.

யாராவது என்னிடம் நாள் கேட்டால் இப்போதெல்லாம் உடனே பதில் சொல்வதில்லை. பல் வைத்தியரின் வரவேற்பாளர் கேட்டாலும் ஏன் என்று கேட்கிறேன்.

உங்கள் செய்தியை மாமடூவுக்குச் சொல்ல, பிரெஞ்சு தெரிந்த அலுவலகத் தோழியைக் கொண்டு போன் எடுப்பித்தேன். அவருடைய மனைவிதான் பேசினார். உங்கள் பெயரைச் சொன்னதும் அழுதாராம். சங்கத்தின் முத்திரைச் சான்றிதழ், வாங்கக் கடை இல்லாமல், போன வருட முடிவில் காலாவதியானதாம். பெப்ரவரியில் மாமடூவின் தோணி, அவரோடு சேர்த்து, கப்பலில் ஏற்றப்பட்டது.