பிடுங்கிப் போட வேண்டியதில்லை, மாப்ளே

என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, என் கேலிக்கெல்லாம் சளைக்காமல் ஈடுகொடுத்த அருமை மாப்ளே மாயாண்டிக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் ஜீப்பு ஓட்ட ரோடு இருக்கிறதா? போடிமெட்டு வளைவுகளில் உன்னை மாதிரி ஆரன் அடித்து ஊரை எழுப்ப இன்னும் ஒருத்தன் வரவில்லை. சரி, உன் மகள் செல்வியைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க மாமா, எங்கப்பா பேரையும் போடுங்க" என்றாள்.

உனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்று என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? அப்போது ஏலத்தோட்டத்தில் கட்டே நோய் வந்த செடிகளைத் தேடிப் பிடுங்குவது என் வேலை. இலையில் வெளிறிய கோடு விழுந்தால் தூரோடு எடுத்துவிடுவோம். அதுவும் கிருமிதான். மருந்து கிடையாது, விட்டால் பக்கத்துச் செடியும் போகும். "நானும் கட்டேதான் மச்சான், பிடுங்கிப் போட்ரு" என்று சிரித்தாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நீ போனாய். பின்னாலேயே தங்கச்சியும் போனாள். அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வந்து சேர்ந்தபோது, பிறக்கும்போதே அந்தக் கிருமியோடு வந்த செல்விதான் மிச்சம். கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா அது?

இப்போது ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிறாள். போடிமெட்டில் தோட்டம் வைத்திருக்கும் சின்னச்சாமியின் மகனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. முதல் காரியமாக அவனிடம் எல்லாவற்றையும் சொன்னது அவள்தான். அவளைக் கேட்டுக்கொண்டு அவன் தன் அப்பாவிடம் சொன்னான். சின்னச்சாமி என் வீட்டுக்கு வந்தார்.

"கட்டேச் செடிய எவனாச்சும் தோட்டத்துல விட்டு வைப்பானாண்ணே?"

நீ சொன்ன அதே சொல், மாப்ளே. நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி உள்ளேயிருந்து வந்தாள். "மாமா, அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. இத டாக்டரம்மாகிட்டயே கேக்கட்டும்."

மூவரும் போனோம். சின்னச்சாமியும் விடாமல் அதையே கேட்டார். டாக்டரம்மாவுக்குக் கட்டே தெரியவில்லை. நான் விளக்கினேன், டாக்டருக்கே பாடம் எடுத்தவன் நான், தெரிந்துகொள்.

"அந்தச் செடிக்கு மருந்து இல்ல, பிடுங்குறீங்க. இவங்களுக்கு இருக்குங்கய்யா. மாத்திரைய விடாமச் சாப்பிடுறதால, டெஸ்ட்டுல தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கிக் கெடக்கு. அப்படியே இருக்கிற வரைக்கும் கட்டிக்கிறவருக்குப் பரவாது. இந்த மாதிரித் தம்பதிகள வருஷக்கணக்கா கவனிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றாங்க. பிள்ளைக்கும் வராமப் பாத்துக்கலாம்" என்றார்.

"தூரோட எடுக்க எப்பம்மா மருந்து வரும்?" என்று நான் கேட்டேன்.

"தேடிட்டேதான் இருக்காங்க தாத்தா. நோய் இல்லாதவங்களுக்கு வராமத் தடுக்க, ஆறு மாசத்துக்கு ஒரு ஊசின்னு கண்டுபிடிச்சிருக்காங்க. தூரோட எடுக்கிற மருந்தும் ஒருநாள் வரும்."

"வெரசா வரச் சொல்லுங்க. எனக்கு வயசாகுதுல்ல."

திரும்பும்போது சின்னச்சாமிதான் தன் ஜீப்பை ஓட்டினார். செல்வி வெளியே பார்த்தபடி இருந்தாள். அவள் விரல் முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தது. மலையடிவாரத்தில் நம் போடிக்குள் நுழைந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்: "மாத்திரை வாங்க மேலருந்து எறங்கி வரணுமே. மழைல பஸ்சு நின்னுட்டா என்ன செய்ய?"

எனக்குப் புரிந்துவிட்டது. "மாமனாரு ஜீப்பு எதுக்கு இருக்கு? ஏலக்கா லோடு மட்டுந்தான் ஏத்துமோ?"

"இம்புட்டுக் கண்டுபிடிக்கிறாங்க, ஒங்க வாய்க்கு ஒரு மருந்து கண்டுபிடிக்கலையேண்ணே" என்று சிரித்தார். செல்வி அழுதாள். நீ இருந்து கேட்டிருக்க வேண்டிய பேச்சு, மாப்ளே.

வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். மலையில் கட்டேச் செடியைக் கண்டால் இன்றைக்கும் பிடுங்கத்தான் செய்வேன். ஆனால் அந்தச் சொல்லை நம் வீட்டு ஆள் எவர்மேலும் விழ விடமாட்டேன். உன்மேலும்தான். அவள் மலையேறிப் போன பிறகும், மாத்திரை நேரத்துக்குத் தினமும் போன் போட்டு வம்பிழுப்பேன். இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
உன் வாயாடி மச்சான் பெருமாள்