கொடி சுற்றியிருந்ததாம்

ஜூலை 4

இன்று காலை "சரிங்க மேடம்" பள்ளிக்கூட மதிலில் இடிக்கப் பார்த்தார். பேக்கரி வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்பதால் எங்கள் டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "கிளட்சை மெதுவா விடுங்க, வலது காலை பிரேக் மேல வைங்க, புரிஞ்சுதா?" என்றேன். "சரிங்க மேடம்." அடுத்த நொடி ஆக்சிலேட்டரில் ஏறி நின்றார். என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்திருக்காவிட்டால் மதில் போயிருக்கும், நாங்களும் போயிருப்போம். ஏழு மாத வயிற்றோடு அந்தக் குலுங்கலில் எனக்கு வந்த கோபம்! "புரியலன்னா புரியலன்னு வாயைத் திறந்து சொல்லுங்க சார்! மாடு மாதிரி தலையாட்டாதீங்க!" பாவம், அந்த மனுஷனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

என் வண்டியில் ஒரே சட்டம்தான். சொல்லிவிட்டுச் செய்யணும். "கண்ணாடி பார்த்தேன், இண்டிகேட்டர் போட்டேன், திரும்பறேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் ஸ்டியரிங் திரும்பும். ஊமைக் குசும்பெல்லாம் என்னிடம் நடக்காது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. வீடு மாறிய பிறகு புது ஆஸ்பத்திரி, புது டாக்டரம்மா. "முதல் குழந்தை ஆபரேஷன்னு சொன்னீங்களே, எதுக்காக?" என்றார். "கொடி சுத்தியிருந்துச்சு டாக்டர்." ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது, தடங்கலில்லாமல் வந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது மட்டும்தானா? நிறையக் குழந்தைங்களுக்குக் கொடி சுத்தியிருக்கும். அதுக்காகவே வயித்தைக் கிழிச்சிட மாட்டாங்க. வேற என்ன சொன்னாங்க?"

நான் தலையாட்டினேன். கேள்விக்குப் பதிலாகத் தலையாட்டுகிறாள், எப்படிப்பட்ட ஜென்மம்!

அதன்பிறகு அவர் ஏதோ விளக்கினார். இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம், பழைய தையல், அபாயம், கண்காணிப்பு... என் கணவர் நடுவில் புகுந்து, "நீங்க பார்த்து எது நல்லதோ செய்ங்க டாக்டர்" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?" மறுபடியும் தலை ஆடியது. செப்டம்பர் நாலு என்று ஆபரேஷனுக்குத் தேதி வைத்தாகிவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் என் கணவர் கேட்டார், "எல்லாம் புரிஞ்சுதுல்ல?" "ம்" என்றேன். ஒரு மண்ணும் புரியவில்லை.

மாடு மாதிரி. காலையில் நான்தான் சொன்னேன்.

ஜூலை 6

அவரிடம் கேட்டேன்: "கொடி சுத்தியிருந்துச்சுன்னு உங்ககிட்ட எந்த டாக்டர் சொன்னாங்க?"

"என்கிட்டயா? அம்மா சொன்னாங்க."

அத்தையிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே, "உங்க அம்மாதானே சொன்னாங்க" என்றார்.

அம்மாவுக்கு போன் போட்டேன். "மாப்பிள்ளை சொன்னாருடீ."

சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்துவிட்டேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் வயிற்றை ஏன் கிழித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் என்னவோ பிரசவ நிபுணர் மாதிரி, டிரைவிங் ஸ்கூலுக்கு வரும் பெண்களுக்கெல்லாம் "கொடி சுத்தினா கத்திதான், வேற வழியில்ல" என்று கதை அளந்திருக்கிறேன். ஒருத்தியாவது அதை நம்பி இருப்பாளா? நம்பியிருப்பாள். அவ்வளவு அழுத்தமாகச் சொல்வேன்.

ஜூலை 7

ஸ்கூலில் அளந்த அந்தக் கதை ஞாபகம் வரும்போதெல்லாம் முகம் சுடுகிறது.

ஜூலை 15

எனக்கு என்னதான் வேண்டும்? இங்கேயாவது உண்மையைச் சொல்லு.

சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். போன தடவை தையல் வலியில் பெரியவளைத் தூக்கவே முடியவில்லை. பசித்து அழுவாள், யாராவது எடுத்து என் கையில் வைக்க வேண்டும். இருமினால் உயிர் போகும். இந்தத் தடவை வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது, ஸ்கூலுக்குக் கிளப்ப வேண்டும், தலை பின்ன வேண்டும். முடியுமா முடியாதா என்று கேட்டுப் பார்க்கலாம்தானே?

கேட்க வாய் வரவில்லை. கேட்டால் "இவளுக்கு எதுக்கு இந்த வீம்பு" என்பார்கள். அதைவிட, இன்னொன்று இருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. முக்கும்போது எல்லார் எதிரிலும் மலம் வந்துவிட்டால்? அதை யாரிடம் கேட்பது? அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதா? இந்த ஒரு பயத்தில்தான் போன தடவை ஆபரேஷன் என்றதும் உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. சீ.

ஜூலை 20

"சரிங்க மேடம்" ஒரு வாரம் வராமல் இருந்துவிட்டு இன்று வந்தார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். வண்டியை அணைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. ரிவர்ஸ்ல ஸ்டியரிங் எந்தப் பக்கம் திருப்பணும்னு எனக்கு இன்னும் புரியல."

"ஏன் சார், மூணு கிளாஸா சரி சரின்னீங்க?"

"இந்த வயசுல புரியலன்னு சொன்னா நீங்க மட்டமா நினைப்பீங்கன்னு இருந்துச்சு. இடிச்சாலும் பரவால்ல, கேட்டு அசிங்கப்பட வேணாம்னு தோணிடுச்சு. புத்தி அப்படிப் போகுது மேடம், என்ன செய்ய."

அவருக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே எடுத்தார். இடித்தாலும் பரவாயில்லை — அப்படித்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். அவராவது வண்டியை அணைத்தார்.

ஜூலை 27

லீவு போட்டு, யாரிடமும் சொல்லாமல் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியவள் பிறந்தபோது பார்த்த டாக்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னை அவருக்கு ஞாபகமில்லை. கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"குழந்தை தலைகீழா திரும்பல. தலை மேல, புட்டம் கீழ. உட்கார்ந்த மாதிரியே இருந்துச்சு. அதனாலதான் ஆபரேஷன்."

"கொடி?"

"கொடியா? அதுல ஒண்ணும் பிரச்சினை இல்லையே." கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் அப்பவே உங்ககிட்ட சொல்லியிருப்பேனே. எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் செய்வேன்."

"சொல்லியிருப்பீங்க டாக்டர். நான் தலையாட்டியிருப்பேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ என்னிடம் மறைத்துவிட்டார்கள் என்றிருந்தால் நன்றாகக் கோபப்பட்டிருக்கலாம். பஸ் பூராவும் யார் மேல் கோபப்படுவது என்று தேடிக்கொண்டே வந்தேன். ஆளில்லை.

ஆகஸ்ட் 2

என் கணவரிடம் சொன்னேன். போனது, கேட்டது, முயற்சி செய்து பார்க்க ஆசை என்பது, எல்லாவற்றையும். மலத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"தேதி குறிச்சப்புறம் இதெல்லாம் எதுக்கு? நீயும்தானே சரின்னே?"

"நான் எங்க சொன்னேன்? தலையாட்டினேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

என் வண்டியில் இல்லை, என்றேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார். டிவியைப் பார்த்தபடியே, "எனக்கு பயமா இருக்குடி. போன தடவை உன்ன உள்ள கொண்டுபோனப்ப நான் வெளிய நின்ன நிலைமை உனக்குத் தெரியாது. நாள் குறிச்சா நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன்" என்றார்.

அவர் பயத்துக்கும் சேர்த்து நான் தலையாட்டியிருக்கிறேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 8

டாக்டரம்மாவிடம் போனோம். வாசலிலேயே என் கணவரிடம் சொல்லிவிட்டேன்: "உள்ள நீங்க பேசக் கூடாது. கேக்கணும்னா உங்க கேள்வியை மட்டும் கேளுங்க. என் பதிலைச் சொல்லாதீங்க."

பழைய காரணத்தைச் சொன்னேன். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். இந்தக் குழந்தைக்குத் தலை கீழேதான் இருக்கிறதாம். முயற்சி செய்து பார்க்கலாம் என்றார். ஆனால் வலி வரும்போது பழைய தையல் உள்ளே பிரிந்துகொள்ள ஒரு சின்ன வாய்ப்பு உண்டு, அபூர்வம்தான், நடந்தால் ஆபத்து, அதனால் வலி தொடங்கியதும் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும், குழந்தையின் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், நடுவில் ஆபரேஷனுக்கு மாற வேண்டியும் வரலாம். நேராக ஆபரேஷன் என்றால் அதற்கென்று வேறு சங்கடங்கள், ஆறுவதற்கு நாளாகும். "ரெண்டுமே தப்பில்ல. ரெண்டுலயும் கொஞ்சம் அபாயம் இருக்கு. புரிஞ்சுதா?"

தலை ஆடத் தொடங்கியது. சத்தியமாக, கழுத்து தானாக அசைந்தது. கையால் பிடித்து நிறுத்தாத குறை.

"இல்ல டாக்டர். தையல் பிரியறது மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். கோபப்படவில்லை. ஒரு தாளில் படம்கூடப் போட்டார். பிறகு நான், வாழ்க்கையில் இதுவரை எந்த வாத்தியாரிடமும் காட்டாத தைரியத்தோடு, கண்ணை மேஜையில் வைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியையும் கேட்டேன். என் கணவர் இருமினார்.

"வரும்" என்றார் டாக்டரம்மா. "நல்லா முக்கறாங்கன்னு அர்த்தம். துடைச்சுட்டு அடுத்த வேலையப் பார்ப்போம். தினம் பார்க்கறோம், யாரும் ஞாபகம் வச்சுக்கறதில்ல."

இதற்காகவா இத்தனை வருஷம்! செத்தாலும் யாரிடமும் கேட்கக் கூடாது என்று பொத்தி வைத்திருந்தேன்.

செப்டம்பர் நாலை எடுத்துவிடச் சொன்னேன். என் வாயால்.

ஆகஸ்ட் 9

அத்தைக்குப் பிடிக்கவில்லை. "டாக்டருக்குத் தெரியாதது உனக்கென்ன தெரியும்? எங்க காலத்துல யாரு இதெல்லாம் கேட்டா?" என்று ஆரம்பித்தார். காய் நறுக்கிக்கொண்டே இருந்தவர், கத்தியை வைத்துவிட்டு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "எனக்கு மூணாவது ஏன் தங்கலன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கேட்டா திட்டுவாங்கன்னு கேக்கல. ஆணா பொண்ணான்னுகூடக் கேக்கல."

மூன்றாவது ஒன்று இருந்தது என்பதே எனக்குத் தெரியாது. என் கணவருக்கும் தெரியாதாம், நான் அவரிடம் கேட்டபோது முகம் வெளுத்துவிட்டது.

ஆகஸ்ட் 19

இன்றோடு வேலைக்கு லீவு. "சரிங்க மேடம்" ஒரு பெட்டி பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தார். "புது மாஸ்டர்கிட்டயும் புரியலன்னு சொல்லுவீங்களா?" என்றேன். "சரிங்க மேடம்" என்றார். பிறகு இருவரும் சிரித்துவிட்டோம்.

செப்டம்பர் 5

பிறந்துவிட்டான். ஆபரேஷன்தான்.

முந்தாநாள் காலை வலி எடுத்தது. பகல் முழுக்க நன்றாகத்தான் போனது. பயந்தது நடந்ததாம், துடைத்தார்களாம், எனக்கே ஞாபகமில்லை. மாலையில் குழந்தையின் துடிப்பு இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு வலிக்கும் இறங்கியது, ஏறவும் நேரமெடுத்தது. ஒரு சின்ன டாக்டர் ஓடிவந்து கட்டிலின் பிரேக்கை எடுத்துவிட்டுத் தள்ளத் தொடங்கினார்.

"சொல்லிட்டுச் செய்ங்க!"

கத்தினேனாம். வராந்தாவில் நின்ற என் கணவருக்கே கேட்டதாம். டாக்டரம்மா கட்டிலோடு நடந்துகொண்டே சொன்னார்: "துடிப்பு இறங்குது. படுக்கிற பக்கம் மாத்திப் பார்த்தோம், ஏறல. இனிமே காத்திருந்தா குழந்தைக்கு ஆபத்து. ஆபரேஷனுக்குப் போகணும்னு நான் நினைக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"போகலாம்" என்றேன்.

உள்ளே ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி: "கொடி சுத்தியிருந்துச்சா?" "இல்லம்மா, இல்லவே இல்ல" என்று டாக்டரம்மா சிரித்தார்.

இன்று வலி பிய்த்தெடுக்கிறது. அதே வலி, அதே இடம். "இதுக்குத்தானா இவ்வளவு ஆட்டம் ஆடினே" என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்கிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இல்லையென்று எழுதினால் பொய்.

செப்டம்பர் 11

வீட்டுக்கு வந்தாயிற்று. நான் கட்டிலில். பையன் தூங்குகிறான். பெரியவள் அவன் விரல்களை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கூடத்தில் அத்தை தன் தங்கையோடு போனில் பேசுவது கேட்டது. "ஆமா, இந்தத் தடவையும் ஆபரேஷன்தான். என்னன்னு சொல்றது... கொடி சுத்தியிருந்துச்சாம்."

விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தையல் வலிக்கிறது, கத்தினால் இன்னும் வலிக்கும். அடிவயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"இல்ல அத்தை! கொடி இல்ல! குழந்தையோட துடிப்பு இறங்கிடுச்சு. என்னைக் கேட்டாங்க. நான்தான் போகலாம்னு சொன்னேன்."

கூடத்தில் பேச்சு நின்றது. சரி, இன்றைக்குச் சண்டைதான் என்று நினைத்தேன். காலடிச் சத்தம் வந்தது. அத்தை போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே வாசல்படியில் வந்து நின்றார்.

"என்ன இறங்குச்சுன்னே? எனக்கு சரியாப் புரியல. இன்னொரு தடவை சொல்லு."