காகத்துக்கு ஒன்று

அண்ணை,

இன்று காலை உங்கள் வீட்டு முற்றத்தில் விசில் கேட்டது. கையிலிருந்த தேத்தண்ணியை அப்படியே போட்டுவிட்டு வாசல் படலைக்கு ஓடினேன். ஒழுங்கையில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. திரும்பிப் பார்த்தால், கருவாடு காயப்போட்ட பாய்க்குப் பக்கத்தில் அண்ணி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் உங்கள் செம்மஞ்சள் விசில்.

“என்ன பிள்ளை, காகத்துக்கெல்லோ ஊதினனான்!”

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கென்று லண்டனிலிருந்து மயிலிட்டிக்கு வந்தவள், அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். நீங்கள் போய்விட்டீர்கள் என்று செய்தி வந்தபோதுகூட அப்படி அழவில்லை. அப்போது கோபந்தான் வந்தது. இப்போதும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

லண்டனில் எங்கள் வீட்டுக் கீழறையில் நீங்கள் வாடகைக்கு இருந்தீர்கள். எனக்கும் இவருக்கும் விசா இருந்தது. உங்கள் அகதி வழக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் தள்ளுபடி செய்தார்கள். இமிகிரேஷன் வான்கள் எங்கள் தெருவுக்குள் வரத் தொடங்கிய காலம் அது. கடைகளுக்குள் ஏறினார்கள், பஸ் தரிப்பிடத்தில் மறித்தார்கள். ஆளை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரியவரும்.

அப்போது தெருவுக்கெல்லாம் விசில் வாங்கிக் கொடுத்தவர் எதிர்வீட்டுச் சோமாலியப் பெண். மூன்று தரம் விட்டுவிட்டு ஊதினால் வான் வந்துவிட்டது என்று அர்த்தம். கேட்டவர்கள் எல்லோரும் வெளியே வரவேண்டும். அதை எங்கள் ஆட்களிடம் கொண்டுபோனது நீங்கள். கோயிலில் அன்னதானம் முடிந்து சனம் கைகழுவ நிற்கிற இடமாகப் பார்த்துத் தொடங்குவீர்கள்.

“கதவைத் திறவாதேங்கோ. வாறண்ட் இருக்கோ எண்டு உள்ளுக்கு நிண்டு கேளுங்கோ. தப்பித்தவறியும் ‘வாங்கோ’ எண்டு சொல்லிப்போடாதேங்கோ. சொன்னா, அவைக்கு அதுதான் அனுமதி.”

பிறகு என் பக்கம் திரும்பி, “எங்கடை சனத்துக்கு உதுதான் கஷ்டம் தங்கச்சி. யமன் வந்து நிண்டாலும், இருங்கோ தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டுதான் வாய் வரும்” என்பீர்கள். நான் சிரிப்பேன்.

அந்தச் சோமாலியப் பெண்ணின் தம்பியை வானில் ஏற்றிய காலை ஞாபகமா? விசில் கேட்டதும் சாரத்தோடு ஓடிப்போய் வான் சில்லுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்துவிட்டீர்கள். தெருவே உங்களுக்குப் பின்னால் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோன தாய்மார் வண்டிலோடு வந்து நின்றார்கள். விசா இல்லாத மனிதன் பொலிசுக்கு முன்னால் போய் இருக்கிறதா?

“உங்களுக்கென்ன விசரே அண்ணை? உள்ளுக்கு வாங்கோ!” என்று கத்தினேன்.

“கால் விறைச்சுப்போச்சு. இனி எழும்பேலாது,” என்று சிரித்தீர்கள். மத்தியானம் வானின் கதவைத் திறந்து அந்தப் பெடியனை இறக்கிவிட்டார்கள். தெரு முழுக்கக் கைதட்டியது.

அப்படிப்பட்ட நீங்கள் உங்கள் கதவில் என்ன செய்தீர்கள்? உங்களைத் தேடி வந்த அன்றைக்கு ஊற்றுகிற மழை. நான் வேலையில். கதவைத் தட்டியவள் ஒரு இளம் அதிகாரி. தடுப்பு முகாமிலிருந்து ஃபோனில் நீங்களே சொன்னீர்கள்: “பிள்ளை தெப்பமா நனைஞ்சு நிண்டுது, தங்கச்சி. என்னை அறியாமல் வாய் வந்திட்டுது.” கம் இன், கம் இன் என்று கூப்பிட்டு, துடைக்கத் துவாயும் எடுத்துக் கொடுத்தீர்களாம். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஏறிவிட்டார்கள். விசில் உங்கள் கழுத்திலேயே கிடந்தது. எதிர்வீட்டில் கண்டு ஊதும்போது வான் மூலை திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு விமானம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் விசாரணை. மயிலிட்டி வீட்டுக்கு வந்தும் விடவில்லை, சிவில் உடுப்பில் புலனாய்வு ஆட்கள் வந்து வந்து கேட்டார்கள். லண்டனில் யாரோடு திரிந்தாய், என்ன கூட்டத்துக்குப் போனாய் என்று. என்னிடம் ஃபோனில், “சும்மா கதைச்சிட்டுப் போறாங்கள்” என்று மழுப்பினீர்கள். அவர்கள் போன பிறகு நீங்கள் சாப்பிடுவதில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள் என்று அண்ணி இப்போதுதான் சொன்னார். அப்படி ஒரு பின்னேரம் படலையைச் சாத்திவிட்டு வந்து விழுந்தீர்களாம். ஒரு ‘வாங்கோ’ உங்களைக் கொன்றுபோட்டது, அண்ணை.

இன்றைக்கு மத்தியானம் படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. சிவில் உடுப்பில் இரண்டு பேர்.

“லண்டனாலை ஆரோ வந்திருக்கினமாம்?”

அண்ணியின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் கை படலைக் கொளுக்கிக்குத்தான் போனது. “வாங்கோ” என்று வாய் எடுத்தார். நான் அவர் கழுத்திலிருந்த விசிலை இழுத்து மூன்று தரம் ஊதினேன். இங்கே யார் வரப்போகிறார்கள் என்று யோசிக்கவேயில்லை.

வந்தார்கள், அண்ணை. பக்கத்து வீட்டுப் பெண் கையெல்லாம் மீன்செதிலோடு வந்தார். வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். படலைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் வந்து நின்றார்கள்.

“என்ன விசயம் தம்பிமார்? எங்களுக்கும் சொல்லுங்கோவன்,” என்றார் அந்தப் பெண்.

மோட்டார் சைக்கிளில் வந்த இருவரும் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்கள். “பிறகு வாறம்” என்று வண்டியைத் திருப்பினார்கள். அண்ணி படலையை அகலத் திறந்து ஒழுங்கைச் சனத்தையெல்லாம் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

“காகத்துக்கு எண்டா ஒண்டு, இவங்களுக்கு எண்டா மூண்டு. அண்ணைதான் சொல்லித் தந்தவர். என்ரை மோனைத் தேடி வந்தநேரம் ஊதினதும் அவர்தான்.” கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “தனக்கு மட்டும் ஒருநாளும் ஊதேல்லை. ஊதியிருந்தா நாங்கள் வந்திருப்பமெல்லோ.”

விசிலைத் திரும்ப அண்ணியின் கழுத்திலேயே போட்டுவிட்டேன். பிறகு வருவோம் என்று சொல்லிவிட்டல்லவா போயிருக்கிறார்கள். லண்டனுக்கு நான் கொண்டுபோவது கோபத்தைத்தான். ஆனால் கதவைத் திறந்ததற்கு இல்லை, அண்ணை. அங்கேயும் இங்கேயும் உங்களுக்காக ஓடிவர ஒரு தெரு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். நீங்கள் எங்களை ஒருதரமாவது கூப்பிட்டிருக்கலாம்.