வால்வைத் திருப்பினவருக்கு வந்த மெமோ

அன்பு மகளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல அப்பா எழுதுறது. நீ அங்க நல்லா சாப்பிட்டு நல்லா தூங்குறேன்னு நம்புறோம், இங்க என் வலது மணிக்கட்டைத் தவிர எல்லாரும் சுகம்.

அரசாங்கம் எல்லாத்தையும் தானே செய்யக்கூடாது, விலகி நின்னு மக்களைச் செய்யவிடணும்னு அரசாங்கத்துக்கே அறிக்கை எழுதிக் குடுத்தியே, அது நம்ம தெருவுக்கே வந்துடுச்சு. தண்ணி வால்வை இனிமே தெருக்காரங்கதான் திறக்கணுமாம். கூட்டத்துல தலைவி யாருன்னு கேட்டதும், அறிக்கை எழுதினவளைப் பெத்தவளாச்சேன்னு எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டாங்க. உன்னைப் படிக்க வெச்சது சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்ட கதையாப் போச்சு. உங்கப்பா, குளியலறையில தண்ணி வரலைன்னு அடுப்படிக்கே வந்து என்கிட்ட மனு குடுக்குறார், மூணு நகலோட (ரெண்டுதான் - அப்பா). பரிசீலிக்கிறேன்னு சொல்லி அனுப்பினேன்.

விலகி எங்க போய் நிக்கணும்னு நீ எழுதலை போல. குடிநீர்த் துறைக்காரங்க எட்டுப் பேரும் தினம் காலையில வந்து வால்வைச் சுத்தி நிக்கிறாங்க. கண்காணிப்பாம். நான் குனிஞ்சா எழுதுறாங்க, நிமிர்ந்தா எழுதுறாங்க. ஒரு கை பிடிங்கய்யான்னா, அரசு கை வைக்கக்கூடாதும்மா, உங்க பொண்ணே சொல்லியிருக்குன்னு எஞ்சினியர் அறிக்கையைக் காட்டுறார். அந்த எட்டுல ஒருத்தர் இருபத்திரெண்டு வருஷம் அதே வால்வைத் திறந்தவர், நீ மாமான்னு கூப்பிடுவியே, அவர்தான். இப்ப அவருக்கு உத்தியோகம் நோட்டும் கையுமா சும்மா நிக்கிறது.

போன செவ்வாய் வால்வு இறுகிப்போச்சு. முக்கித் திருப்பினேன், மணிக்கட்டு மளுக்குன்னுச்சு. நான் போட்ட கூச்சல்ல ஏழு பேர் நேரத்தைக் குறிச்சாங்க. மாமா மட்டும் நோட்டை வீசிட்டு ஓடிவந்து ஒரே திருப்பு. தண்ணி வந்துச்சு, மறுநாளே அவருக்கு மெமோவும் வந்துச்சு. உதவி செய்ததற்கான காரணத்தை இந்த மாதக் கடைசிக்குள் எழுத்துமூலம் விளக்கணும், இல்லைன்னா வேலை போயிடும். பாவம் மனுஷன், நம்ம கூடத்துல உக்காந்து, என்னன்னும்மா எழுதுறதுன்னு கேட்டு அழுதுட்டார். பள்ளிக்கூடம் போற ரெண்டு பொண்ணுங்க அவருக்கு. நாங்களும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறோம், கைவலியில கத்தினேன், வந்தார், அதுக்கு மேல என்ன எழுதுறது? உன் மேல கோவமே இல்லைன்னா பொய் சொல்றேன்னு அர்த்தம்.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், ராத்திரி கண் முழிக்காதே. அந்த மெமோவுக்குப் பதிலை நீதான் எழுதணும், அவ்வளவு பெரிய அறிக்கை எழுதினவளுக்கு நாலு வரி வராதா? ஏன் உதவி செஞ்சார்ங்கிறது உனக்கும் தெரியலைன்னா, தெரியலைன்னே எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
இடது கையால் ஒப்பமிடும் உன் அம்மா