ஃபிரெடி கடைசியாக நடந்து வந்தான்

அன்பு மகள் ஜோசலினுக்கு, இரும்புலியூரிலிருந்து அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உன் தம்பியும் இங்கே சுகம். அந்தக் குளிரிலும் பனியிலும் உன்னையும் அவர் சுகமாக வைத்திருக்க வேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் மூன்று நாள் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இது என்ன புதிதாகக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பக்கத்து அறையில் இருக்கும் ஃபிரெடியின் காதில் விழும். இது அவனைப் பற்றிய விஷயம். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கைதான், ரிட்டயர் ஆனபின் பழக்கம் விட்டுப்போய்விட்டது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, இருந்தும் தாம்பரம் மார்க்கெட்டுக்கு நடந்துதான் போவேன் என்று பிடிவாதம். மழையில் ஒழுகிய மாடியைப் பூசியாயிற்று. ஸ்காட்லாந்தில் நீ மலையுச்சியில் பனிக்கு நடுவே நின்று எடுத்து அனுப்பினாயே, அந்தப் படத்தை அப்பா பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர்கூடப் பார்த்துவிட்டார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு ஆசை. பொங்கல் முடிந்த சனிக்கிழமை கம்பெனி ஆட்களோடு ஏலகிரிக்குப் போய் சுவாமிமலை ஏறி அன்றைக்கே திரும்புகிறோம், நீங்களும் வாங்கம்மா என்று ஃபிரெடி கேட்டான். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டிருப்பான், நான் வருகிறேன் என்றதும் ஒரு நிமிஷம் முழித்தான். அறுபத்தொரு வயதில் இது தேவையா மெட்டில்டா என்றார் அப்பா. பரணில் கிடந்த உன் பழைய ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேனில் ஏறும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. இன்ஜினியரிங்கில் அரியர்ஸ் வைத்து மூன்றாம் வருஷம் படிப்பை விட்டுவிட்டு அவன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. சர்ச்சில் யாராவது கேட்டால், ஒரு கம்பெனியில் இருக்கிறான், மேலே படிக்கப் பார்க்கிறான் என்று மழுப்புவேன். அவன் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான், ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. ஆகஸ்டில் நீ போனில், கடைசி வரைக்கும் மெஷின் முன்னாடியே நிக்கப் போறியா என்று கேட்டதும் அவன் போனை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனானே, அன்று நானும் உன் பக்கம்தான் பேசினேன். அதிலிருந்து நீங்கள் இருவரும் ஒழுங்காகப் பேசிக்கொள்வதில்லை. அதில் என் பங்கும் உண்டு.

நாங்கள் பன்னிரண்டு பேர். காலை நாலரைக்குக் கிளம்பி வாணியம்பாடியில் இட்லி சாப்பிட்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி மலையடிவாரத்துக்குப் போகும்போது ஒன்பது மணி. ஒரே மூடுபனி, முன்னால் நிற்கிறவர் முதுகு தெரியவில்லை, விரல் விறைத்துப் போயிற்று. ஃபிரெடி எல்லாரையும் நிறுத்தி எண்ணினான், யாருக்கு என்ன வியாதி, யார் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டான். அவனுடைய ஷிஃப்ட் மேனேஜர் ஸ்ரீநிவாசன் சார், ஐம்பது வயதிருக்கும், சுகருக்கு ஊசி போட்டுக்கொண்டேன், சாப்பிட்டும் ஆயிற்று என்றார். பிறகு தாவீது என்கிற பையனை முன்னால் விட்டு, இவன் கடைசியில் நின்றுகொண்டான். எனக்கு மனசு சுருக்கென்றது. எப்போதும் இவன் கடைசிதானா என்று நினைத்தேன், பெற்றவள் இப்படி நினைக்கலாமா, ஆனால் நினைத்தேன்.

காடு வழியாக ஏறினோம். பாதை முழுக்க வேரும் கல்லும், பனியில் நனைந்து வழுக்கியது. அரை மணியில் எனக்கு மூச்சு வாங்கியது. நில்லுங்க என்றும் சொல்லாமல், வாங்க என்றும் சொல்லாமல் என் வேகத்துக்கு அவனும் பின்னால் வந்தான். முக்கால் தூரம் போயிருப்போம், ஸ்ரீநிவாசன் சார் ஒரு பாறையில் உட்கார்ந்து சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார், லோடு வந்துருச்சா, கேட்டைத் திற என்றார். சார் இங்கயும் ட்யூட்டி பாக்குறாரு என்று தாவீது சிரித்தான், கூட இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தக் குளிரில் அவர் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. ஃபிரெடி கீழேயிருந்து ஓடி வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்து, சார், காலையில என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டான். அவர், சனிக்கிழமைப்பா, பெருமாளுக்கு விரதம் என்று குழறினார். ஊசி மட்டும் போட்டிருக்கிறார், இட்லிக் கடையில் கையலம்பப் போவதுபோல் போய்விட்டு வந்து சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். யாரோ, படுக்க வைங்க, கொஞ்சம் தூங்கட்டும் என்றார்கள். தூங்க விடக்கூடாது என்று ஃபிரெடி சத்தமாகவே சொன்னான். பையிலிருந்து குளுக்கோஸ் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு வாய் கொடுத்துப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தான். கால் மணி நேரத்தில் அவருக்குப் பேச்சு தெளிந்தது. பிஸ்கட் சாப்பிட வைத்து, தன் ஜாக்கெட்டை அவருக்குப் போர்த்திவிட்டு, நான் சாரோட இங்க இருக்கேன், நீங்கல்லாம் மேல போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டான். நானும் இருக்கிறேன் என்றேன். இவ்ளோ தூரம் ஏறிட்டீங்க, போங்கம்மா என்றான். அவன் குரலில் இருந்த உறுதியைப் பார்த்து நானும் மற்றவர்களோடு மேலே நடந்தேன்.

உச்சியில் ஒரு சின்னக் கோயில், சுற்றிலும் பாறை. நாங்கள் போய்ச் சேரும்போது பனி விலகிக் கீழே ஊரும் வயலும் தெரிந்தன. உன் அம்மா ஏறிவிட்டாள், அந்தப் பெருமை எனக்கு உண்டு. சின்மயி என்று ஒரு பெண், புதிதாகச் சேர்ந்த டிரெய்னி இன்ஜினியர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஃபிரெடி அண்ணா ஷிஃப்ட்ல இருந்தா எங்களுக்கு பயமே இல்ல ஆன்ட்டி என்றாள். போன வருஷம் பிரஸ் லைன்ல நடந்தது உங்களுக்குத் தெரியும்ல என்றாள். எனக்கு எதுவும் தெரியாது. இரும்புத் தகட்டை அழுத்தி வடிவாக்கும் அந்த மெஷினின் சத்தம் மாறியிருக்கிறது என்று இவன் ஒரு நாள் லைனையே நிறுத்திவிட்டானாம். நாற்பது நிமிஷம் வேலை நின்றதற்கு எல்லாருக்கும் முன்னால் இவனைத் திட்டியிருக்கிறார்கள், அதிகம் சத்தம் போட்டவர் இதே ஸ்ரீநிவாசன் சார்தான். திறந்து பார்த்தால் பாதுகாப்புத் தடுப்பின் போல்ட் முறிந்து தொங்கிக்கொண்டிருந்ததாம், அடுத்த தடவை மெஷின் இறங்கியிருந்தால் முன்னால் நின்ற ஒரு மனிதருக்குக் கை போயிருக்கும். அப்போதும் அண்ணா ஒண்ணும் சொல்லல ஆன்ட்டி, மெஷின் முன்னாடி நின்ன அந்தாளுக்கு டீ வாங்கிக் குடுத்துட்டுத் திரும்ப வேலைக்குப் போய்ட்டாரு என்றாள். அந்த மனிதருக்கு இரண்டு சின்னப் பெண்குழந்தைகளாம். அவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு அன்று சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறான், நான் அவனிடம் மேல்படிப்பைப் பற்றிப் பேசியிருப்பேன். அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதேன். சின்மயி பயந்துவிட்டாள், காற்று கண்ணில் பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

இறங்கி வரும்போது ஸ்ரீநிவாசன் சார் எழுந்து நின்று, பொய் சொல்லிட்டேன் மேடம், உங்க பையன் இல்லன்னா என்று ஆரம்பித்தார். ஃபிரெடி அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பாத்து வாங்க சார் என்றான். வேனில் அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன், அவன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான்.

மறுநாள் சர்ச் முடிந்து வெளியே வரும்போது பாடகர் குழு கிறிஸ்டி அக்கா வழக்கம்போல, பையன் இப்ப என்ன பண்றான் மெட்டில்டா என்று கேட்டார். ஒரகடத்தில் பிரஸ் மெஷின் ஆபரேட்டர், நாலு வருஷமாக அங்கேதான் என்றேன், அவன் வேலையைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன். ஃபிரெடி பக்கத்தில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தான். வரும் வழியில் சிக்னல் தாண்டி பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தி, டீ குடிக்கலாமாம்மா என்றான். அங்கே நின்றுகொண்டு பிரஸ் என்றால் என்ன, சத்தம் எப்படி மாறும், கையை எங்கே வைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினான். எனக்குப் பாதி புரியவில்லை. நாலு வருஷத்தில் அவன் வேலையைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை, நான் காது கொடுத்துக் கேட்டதும் முதல் தடவை.

நீ அவனுடைய நல்லதுக்குத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மறுபடி காலேஜுக்கு அப்ளிகேஷன் போடு என்கிற பேச்சை இனி எடுக்காதே. படிக்கத் தோன்றினால் அவனே சொல்வான். அடுத்த மாதம் முழுக்க அவனுக்குக் காலை ஷிஃப்ட், சாயங்காலம் நாலரைக்கு வீட்டில் இருப்பான், உனக்கு அப்போது காலை பதினோரு மணி. நீயே கூப்பிடு. முதல் இரண்டு நிமிஷம் உம், உம் என்றுதான் சொல்வான், வைத்துவிடாதே.

மலைக்குத் தனியாகப் போகாதே, காதை மூடிக்கொள், நைட் ட்யூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இந்தக் கடிதம் கிடைத்த வாரமே தம்பியைக் கூப்பிட்டுவிடு, மறந்துவிடாதே.

உன்னையும் அவனையும் பெற்றதில் பெருமைப்படும்
அம்மா,
மெட்டில்டா தனசிங்