மறுபடி வரைய வேண்டிய வால்வு

அன்புள்ள லோசாவுக்கு,

நீயும் குழந்தையும் நலமா? உன் இருமல் குறைந்ததா?

நேற்று எங்கள் மெல்பர்ன் பட்டறையின் பெயின்ட் அறையில் தீப்பிடித்தது. கூரைக் குழாய்களுக்குத் தண்ணீர் விடும், நான் வரைந்து செய்த வால்வு தானாகவே திறந்தது. ஆனால் பாதியில் மூடப் பார்த்தது. தீ அணையும்வரை அதன் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் ஆபத்தில்லை. எனக்கு விரலில் கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான்.

"உன் வால்வு பிரமாதம்டா! லீவு எடுத்துக்கிட்டு ஊருக்குக் கிளம்பு," என்றார் மேலாளர் டெர்ரி.

"இல்ல டெர்ரி, நான் பிடிக்கலேன்னா மூடியிருக்கும்," என்று சொல்லிவிட்டேன்.

அதனால் மறுபடி வரைய வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நம் ஊர் டோங்காவுக்கு வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

தபால் வண்டி வந்துவிட்டது. உன் தலையணை உறை ஒன்றை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

உன் செமிசி