செய்து காட்டினாள்

செட்டியார்பட்டி,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி பிரேம்குமாருக்கு,

அக்கா பிரிஸ்கில்லா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். மதுரையில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் நடுவில் ஏதாவது சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் கல்பனாவின் வலது கை ரோலரில் சிக்கியது உனக்குத் தெரியும். மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். செல்போன் பேசிக்கொண்டே வேலை பார்த்தாள் என்று கம்பெனியில் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற மாரிக்கனி ஒருத்திதான் முழுதும் பார்த்தவள். ரோலர் மேலிருந்த தடுப்புத் தகட்டைக் கழற்றி வைத்து இரண்டு மாதமாயிருந்தது. நிறுத்தும் சுவிட்சும் எட்டாத தூரத்தில்.

விசாரிக்க வந்த அதிகாரி, நடந்ததைச் சொல்லும்மா என்றார். மாரிக்கனிக்குப் பேச்சு வரவில்லை. ஓடாத மெஷின் முன்னால் போய், கல்பனா துணியை எப்படி நீவிவிட்டாள், கை எப்படி உள்ளே போனது, தோள் எப்படி இழுபட்டது என்று செய்து காட்டினாள். கல்பனா கத்தினது போலவே, "ஏட்டி மாரி, சுச்ச அமத்துட்டி" என்று கத்தினாள். நாங்கள் எல்லோரும் அழுதுவிட்டோம். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் நீ வேலை பார்க்கும் பேப்பரில், "கை இழந்த தோழியைப் பழிப்புக் காட்டிய பெண்" என்று தலைப்பு. அங்கே வந்திருந்த உங்கள் நிருபர் எடுத்த படத்தில் வாயைத் திறந்தபடி மாரிக்கனி.

ஆஸ்பத்திரியில் கல்பனா அதைப் படித்திருக்கிறாள். மாரிக்கனி பார்க்கப் போனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு என்னிடம், "எக்கா, நான் கத்துனது அவளுக்கு அம்புட்டு சிரிப்பாவா இருந்துச்சு?" என்று கேட்டாள். அப்படி இல்லை என்றேன். "பேப்பர்ல பொய்யா போடுவாங்க?" என்றாள்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் விசாரணை. கம்பெனி வக்கீல் அந்தப் பேப்பரை நீட்டி, தோழியையே கேலி செய்கிறவள் பேச்சை எப்படி நம்புவது என்றார். மாரிக்கனியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். "நான் ஒண்ணும் பாக்கல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். கல்பனாவின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். பஸ்ஸில் மாரிக்கனி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இராஜபாளையம் வரும்வரை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியே வைத்திருந்தாள். இப்போது வேலைக்கும் வருவதில்லை.

உங்கள் நிருபர் ஜெபக்குமாரைச் சர்ச்சில் பார்த்துக் கேட்டேன். தான் அனுப்பிய செய்தியைப் போனில் எடுத்துக் காட்டினான். "செய்து காட்டினார்" என்றுதான் இருந்தது. "மதுரையில மாத்திட்டாங்கக்கா" என்றவன், யார் என்று சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான். மாவட்டப் பக்கம் உன் பொறுப்பு என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் வற்புறுத்தின பிறகு திருத்தம் போட்டீர்கள். கம்பெனி இருக்கும் தெருவின் பெயர் தப்பாக வந்ததற்கு மட்டும்.

ஒரு வார்த்தைதானே என்று நினைக்காதே. உனக்குத் திக்குவாய் இருந்த காலத்தில் பையன்கள் உன்னைப் பழிப்புக் காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்பில் மூன்று நாள் நீ வாயே திறக்கவில்லை. நான்தான் உன்னை எதிரில் உட்காரவைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டை எப்படி வைப்பது என்று செய்து காட்டினேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உன்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

அடுத்த வாரம் சனிக்கிழமை கல்பனாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நீ வர வேண்டும். பேப்பரில் என்ன போடுவாயோ, அது உன் மனசாட்சிக்கு விட்டது. ஆனால் மாரிக்கனியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வார்த்தையைப் போட்டது நான்தான் என்று கல்பனாவிடம் நீ நேரில் சொல்ல வேண்டும். இரண்டு பேரிடமும் உன் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை.

பேச்சு திக்கினால் திக்கட்டும், தம்பி. அவர்கள் பொறுத்திருந்து கேட்பார்கள். கர்த்தர் உன் நாவைத் திறப்பாராக.

உன் அக்கா,
பிரிஸ்கில்லா